கோவில்பட்டி கடலை மிட்டாய்: நாலு மணி டீக்கு ஒரு துண்டு

அலுவலகத்தில் எவ்வளவு மோசமான நாளாக இருந்தாலும் சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு டீயும் ஒரு துண்டு கோவில்பட்டி கடலை மிட்டாயும் கிடைத்துவிட்டால் எனக்கு மனசு தெளிந்துவிடும். ஒரு துண்டின் விலை அந்த டீயின் விலையைக்கூடத் தொடாது. இவ்வளவு மலிவாக இவ்வளவு நிறைவு தருகிற பண்டம் வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் சத்தம். நல்ல மிட்டாயை இரண்டாக உடைத்தால் ‘மடக்’கென்று உடைய வேண்டும், வளையக் கூடாது. கடித்தால் முதலில் வறுத்த கடலையின் வாசனை, அதற்குப் பின்னால் மெதுவாக வெல்லம், கடைசியில் பல்லில் எதுவும் ஒட்டாமல் வாய் சுத்தமாக இருக்கும். இதெல்லாம் பாகுப் பதத்தில் இருக்கிற விஷயம். பாகைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு எடுத்துத் தட்டில் போட்டால் கல் மாதிரி ‘டங்’கென்று விழ வேண்டும், அதற்கு முன்னாலேயே இறக்கிவிட்டால் மிட்டாய் சவசவவென்று ஆகிவிடும், கொஞ்சம் தாண்டிவிட்டாலோ கசக்கும்.

அந்த ஊர்க்காரர்களைக் கேட்டால் கரிசல் மண்ணில் விளைந்த கடலை, தேனிப் பக்கத்து வெல்லம், தாமிரபரணித் தண்ணீர் என்று மூன்றையும் பெருமையாகச் சொல்வார்கள். 2020-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது, நியாயமான அங்கீகாரம். சில கடைகளில் மேலே ரோஸ், பச்சை, மஞ்சள் நிறத்தில் தேங்காய்த் துருவல் தூவித் தருவார்கள். குழந்தைகளுக்கு அதுதான் பிடிக்கும். எனக்கு வெறும் மிட்டாய்தான்.

அதே பெயரைப் போட்டு வெளியூரில் விற்கிற சில பாக்கெட்டுகளில்தான் ஏமாற்றம். போன தடவை சூப்பர் மார்க்கெட்டில் வாங்கியது குளுக்கோஸ் சிரப் போட்டது, பார்க்கக் கண்ணாடி மாதிரி பளபளப்பு, ஆனால் கடைவாய்ப் பல்லில் அப்பிக்கொண்டு போகவே மாட்டேன் என்றது, வெல்லத்தின் மணமும் இல்லை. அதனால் பாக்கெட்டின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், கடலையும் வெல்லமும் தவிர நீளமான பட்டியல் இருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். கடலை நெருக்கமாக இருக்கிறதா, நடுவில் வெறும் பாகு தெரிகிறதா என்றும் பார்க்கலாம்.

ஒரே குறை, மழைக்காலத்தில் சீக்கிரம் நமுத்துவிடும். எவர்சில்வர் டப்பாவில் போட்டு இறுக்கி மூடி, எடுத்தவுடன் திரும்ப மூடிவிட வேண்டும். பல் ஆடுகிற பெரியவர்களுக்குத் துண்டாகக் கொடுக்காதீர்கள், இடித்துப் பொடியாக்கிக் கொடுத்தால் சந்தோஷமாகச் சாப்பிடுவார்கள். அப்புறம் டீயில் சர்க்கரையைக் குறைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் இரண்டு இனிப்பும் சேர்ந்து திகட்டிவிடும்.

ஐந்துக்கு ஐந்து கொடுக்கிறேன். அந்த வழியாக ரயிலிலோ பஸ்ஸிலோ போகிறவர் யாராவது வீட்டில் இருந்தால் அரைக் கிலோவாவது வாங்கிவரச் சொல்லிவிடுங்கள்.