திரி மெஷின் வாங்கப் போகிறவர்களுக்கு

"வீட்டிலிருந்தே மாதம் 30,000. திரி செய்வது நீங்கள், வாங்கிக்கொள்வது எங்கள் பொறுப்பு." வாட்ஸ்அப்பில் வந்த ஒரு வீடியோவில் இருந்த இந்த வரியை நம்பி 1,65,000 ரூபாய் கொடுத்து விளக்குத் திரி மெஷின் வாங்கினேன். நாமக்கல் பக்கம் எங்கள் ஊர். கணவர் லாரி ஓட்டுகிறார், மாமியாருக்கு முட்டி வலி, வெளியே வேலைக்குப் போக முடியாத நிலை. இப்படிப்பட்ட வீட்டைப் பார்த்துத்தான் அந்த வீடியோவை எடுத்திருப்பார்கள் போல.

கோயம்புத்தூரில் அவர்கள் அலுவலகத்துக்கு நேரில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் பணம் கட்டினேன். ஏமாந்தவர்களைப் பார்த்து "போய் விசாரிக்கக் கூடாதா" என்று கேட்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன். ஏசி அறை, சுவர் முழுக்கச் சட்டம் போட்ட சான்றிதழ்கள். அதில் மத்திய அரசின் உத்யம் (சிறுதொழில் பதிவு) சான்றிதழும் ஒன்று. அரசாங்கமே ஒத்துக்கொண்ட கம்பெனி என்று எண்ணிவிட்டேன். ஆதார் எண்ணை வைத்து, தன் தொழிலைப் பற்றித் தானே எழுதிக்கொடுத்து, ஒரு பைசா செலவில்லாமல் யாரும் எடுக்கக்கூடிய பதிவு அது என்பது பின்னால்தான் தெரிந்தது. தொழில் ஒழுங்காக நடக்கிறதா என்று யாரும் வந்து பார்த்துக் கொடுப்பதில்லை.

ஒரு பெண் மெஷினில் பஞ்சை வைக்க வைக்க, திரி வந்து விழுந்துகொண்டே இருந்தது. கணக்கு இதுதான். பஞ்சு கிலோ 300 ரூபாய்க்கு அவர்களே தருவார்கள், திரியை 600-க்கு எடுத்துக்கொள்வார்கள். இரண்டு மணி நேரத்தில் ஒரு கிலோ, எட்டு மணி நேரத்தில் நான்கு கிலோ, நாளைக்கு 1,200. இருபத்தைந்து நாள் ஓட்டினால் 30,000. வாயைப் பிளந்து கேட்டேன். "அக்கா, உங்களை மாதிரி உழைக்கிறவங்க மூணு மாசத்துல போட்ட காசை எடுத்துட்டாங்க" என்றான் கணக்குச் சொன்ன தம்பி. மாதம் 30,000 என்றாலே 1,65,000-ஐ எடுக்க ஆறு மாதம் ஆகும். அது மூன்றானதைக்கூட நான் கவனிக்கவில்லை. ஆறு பவுனை அடகு வைத்தேன், மீதிக்கு மகளிர் குழுவில் கடன். 100 ரூபாய் பத்திரத்தில் அக்ரிமென்ட்.

வீட்டுக்கு மெஷின் வந்த பிறகுதான் உண்மைக் கணக்கு தெரிந்தது. அந்தத் திரி நான்கைச் சேர்த்தால் ஒரு கிராம் வரும். அப்படியென்றால் ஒரு கிலோவுக்கு 4,000 திரி. இரண்டு மணி நேரம் என்பது 7,200 நொடி. ஒரு திரிக்கு இரண்டு நொடிகூட இல்லை. பஞ்சைப் பிய்த்து, வைத்து, இழுத்து எடுக்கவே ஐந்து நொடி ஆகும். நானும் மகளும் மாற்றி மாற்றி உட்கார்ந்தும் கிலோவுக்கு ஆறு மணி நேரம் பிடித்தது. நாளெல்லாம் ஓட்டினால் கையில் நிற்பது 300 ரூபாய், அதிலும் கரன்ட் பில் கழியும். அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தபோதே இந்தப் பெருக்கலைப் போட்டிருக்கலாம். பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கில் நல்ல மார்க்தான் வாங்கினேன், என்ன பிரயோஜனம்.

சரி, 300-ஆவது வருகிறதே என்று தொடர்ந்தேன். முதலில் 12 கிலோ அனுப்பினேன். மூன்றே நாளில் 7,200 ரூபாய் வங்கிக் கணக்கில் ஏறிவிட்டது. அந்தச் செய்தியைக் குடும்ப குரூப்பில் போட்டது நான்தான். அதைப் பார்த்து என் நாத்தனாரும் ஒரு மெஷின் வாங்கினார். ஆள் சேர்த்துவிட்டதற்கு எனக்கு 5,000 ரூபாய் கமிஷன் வந்தது, வாங்கிக்கொண்டேன். இதை எழுதாமல் விட்டால் இந்தப் பதிவுக்கே அர்த்தமில்லை.

அடுத்த 14 கிலோவுக்குப் பணம் வர இரண்டு வாரம் ஆனது. மூன்றாவதாக அனுப்பிய 20 கிலோ திரும்பி வந்தது. நீளம் ஒன்றுபோல் இல்லையாம், ஈரமாம். அக்ரிமென்ட்டை எடுத்துப் படித்தேன். "நிறுவனத்தின் தரத்துக்கு உட்பட்ட திரி மட்டுமே வாங்கப்படும்" என்று ஒரு வரி. எது தரம் என்று எங்குமே எழுதவில்லை. அப்புறம் பஞ்சு ஸ்டாக் இல்லை என்றார்கள். "அக்கா" போய் "மேடம்" ஆனது, பிறகு போனை எடுப்பதே இல்லை. நேரில் போனபோது அலுவலகத்தில் பூட்டு தொங்கியது. வாசலில் எங்களைப் போல ஏழெட்டுப் பேர்.

அதன் பிறகுதான் நாமக்கல் கடைவீதியில் ஒரு மொத்தக் கடையில் விசாரித்தேன். அதே மாதிரித் திரி கிலோ 450-க்கு எவ்வளவு வேண்டுமானாலும் தருகிறேன் என்றார் கடைக்காரர். சந்தையில் 450-க்குக் கிடைப்பதை என்னிடம் 600-க்கு வாங்கி யாரிடம் விற்றார்கள்? யாரிடமும் விற்கவில்லை. அவர்கள் விற்ற சரக்கு மெஷின் மட்டும்தான். எனக்கு வந்த 7,200-உம் நான் கட்டிய 1,65,000-இலிருந்து வந்ததுதான். பெருந்துறையில் 2012-இல் ஈமு கோழிக் கம்பெனிகள் விழுந்ததைப் பக்கத்திலிருந்து பார்த்த ஊர்க்காரர்கள் நாங்கள். அங்கும் இதே கதைதான். பணம் கட்டினால் குஞ்சும் தீவனமும் கொடுத்து, மாதாமாதம் பணமும் தந்தார்கள். கறியை யார் வாங்குகிறார்கள் என்று அன்றைக்கும் யாரும் கேட்கவில்லை. என் பெரியப்பாவும் அதில் போட்டிருந்தார். நான்தான் அவரைத் திட்டியிருக்கிறேன்.

கற்பூரம், ஊதுபத்தி, பேப்பர் கப் என்று எந்த மெஷினோடும் "நாங்களே திரும்ப வாங்கிக்கொள்வோம்" என்று யாராவது வந்தால், அவர்களிடம் பேசுவதற்கு முன்னால் கடைவீதிக்குப் போய் அந்தச் சரக்கின் மொத்த விலையைக் கேளுங்கள். அதே மெஷின் வேறு இடத்தில் என்ன விலை என்றும் பாருங்கள். பில்லில் இருக்கும் ஜிஎஸ்டி எண்ணை ஜிஎஸ்டி தளத்தில் போட்டால் எந்தத் தேதியில் பதிவு செய்தார்கள் என்று வந்துவிடும். "15 ஆண்டு அனுபவம்" என்று போர்டு வைத்திருந்தவர்கள் பதிவு செய்து ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. பழைய வாடிக்கையாளர் என்று அவர்களே தரும் போன் நம்பரை நம்ப வேண்டாம். என்னையே அப்படி இரண்டு பேரிடம் பேச வைத்தார்கள், முதல் பணம் வந்த சந்தோஷத்தில் நானும் நல்லபடியாகச் சொன்னேன்.

ஏற்கெனவே மாட்டியவர்களுக்கு: ஸ்டேஷனில் "இது சிவில் மேட்டர்மா" என்று அனுப்பப் பார்த்தார்கள். எழுத்தில் புகார் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கு ஸ்டேஷனில் தரும் சி.எஸ்.ஆர் ரசீது வாங்காமல் நகராதீர்கள். மாவட்டக் குற்றப் பிரிவிலும் கொடுத்திருக்கிறோம். ஆன்லைனில் பணம் அனுப்பி ஏமாந்திருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழைக்க வேண்டும், தாமதித்தால் பணத்தை முடக்குவது கஷ்டம். நுகர்வோர் ஆணையத்தில், நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கோவைக்கு அலைய வேண்டாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். தொழிலுக்கு வாங்கியதால் நீங்கள் நுகர்வோரே இல்லை என்று எதிர்த்தரப்பு சொல்லிப் பார்க்கும். தன் பிழைப்புக்காகத் தானே உழைக்க வாங்கியவர் நுகர்வோர்தான் என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலேயே இருக்கிறது.

நாத்தனார் என்னோடு பேசுகிறார், ஆனால் பணத்தைப் பற்றிப் பேசுவதில்லை. அந்த 5,000-ஐக் கொண்டுபோய்க் கொடுத்தேன், வாங்கவில்லை. மெஷின் தாழ்வாரத்தில் கிடக்கிறது. பழைய இரும்புக்கடைக்காரர் வந்து பார்த்துவிட்டு மோட்டாருக்கு மட்டும் 1,500 தருவதாகச் சொன்னார். வழக்கு முடியும் வரை விற்கக் கூடாது என்று வக்கீல் சொல்லியிருப்பதால் சாக்கைப் போட்டு மூடி வைத்திருக்கிறோம்.