அடிச்சாம்பல் நோய்க்கு கார்பென்டசிம் கொடுத்தால் வாங்காதீர்கள்

வெள்ளரி இலைகளில் கட்டம் கட்டமாக மஞ்சள் விழுந்ததும் ஓர் இலையைப் பறித்துக்கொண்டு மருந்துக் கடைக்குப் போனேன். கடைக்காரர் அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "சாம்பல் நோய்தான், இதை அடிங்க" என்று ஒரு பாக்கெட்டை எடுத்து வைத்தார். அடித்தேன். ஒரு வாரத்தில் நோய் கூடித்தான் இருந்தது. மறுபடி போனால், "இது புதுசா வந்தது, ரொம்ப பவர்" என்று வேறு பெயரில், கூடுதல் விலையில் இன்னொன்று. அதையும் அடித்தேன். அடியிலைகள் சருகான பிறகுதான் இரண்டு பாக்கெட்டிலும் பொடி எழுத்தைப் படித்தேன். இரண்டிலும் இருந்தது ஒன்றே: கார்பென்டசிம் என்ற பூஞ்சைக்கொல்லி, 50%.

சாம்பல் நோய் என்றால் இலையின் மேல் மாவு தூவியதுபோல் வெள்ளையாக இருக்கும். என் செடியில் வந்தது அடிச்சாம்பல் நோய். மேலே நரம்புகளுக்குள் அடங்கிய மஞ்சள் கட்டம், அடியில் சாம்பலும் ஊதாவும் கலந்த பூப்பு. பெயர்தான் ஒன்றுபோல் இருக்கிறது, கிருமி வேறு.

கார்பென்டசிம் பூஞ்சையின் செல்லுக்குள் டியூபுலின் என்ற புரதத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இழுக்கும் நுண்குழாய்கள் அந்தப் புரதத்தால்தான் ஆனவை. அவை உருவாகாவிட்டால் செல் பிரியாது, பூஞ்சை வளராது. நல்ல மருந்துதான். ஆனால் அடிச்சாம்பலை உண்டாக்குவது உண்மையான பூஞ்சையே இல்லை. பழுப்புக் கடற்பாசிகளுக்கு நெருங்கிய உறவான ஊமைசீட் (oomycete) என்ற நுண்ணுயிர் வகை. அதன் டியூபுலினில் இது சரியாக ஒட்டாது. எத்தனை முறை அடித்தாலும் தண்ணீர் தெளித்த மாதிரிதான்.

இன்னொரு கெடுதலும் உண்டு. டியூபுலினில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறினால் போதும், அசல் பூஞ்சையும் இந்த மருந்துக்குத் தப்பிவிடும். இதே குடும்பத்து மருந்தான பெனோமில் 1968 வாக்கில் விற்பனைக்கு வந்தது. ஓரிரு வருடங்களிலேயே எதிர்ப்புத்திறன் தலைகாட்டியது. தேவையில்லாமல் அடிக்கும் ஒவ்வொரு முறையும் அதற்குத்தான் வழிவிடுகிறோம்.

அடிச்சாம்பலுக்கு மேன்கோசெப் உதவும். ஆனால் நோய் வருமுன் அடிக்க வேண்டும், இலைமேல் நின்று தடுப்பதுதான் அதன் வேலை. உள்ளே ஊடுருவும் மெட்டாலாக்சில்கூட வெள்ளரியில் பல இடங்களில் இப்போது எடுபடுவதில்லை.

கடையில் பிராண்ட் பெயரைக் கேட்காதீர்கள், உள்ளே என்ன மருந்து, எத்தனை சதவீதம் என்று கேளுங்கள். அப்புறம் பில். எனக்குக் கிடைத்தது துண்டுச் சீட்டு. அதில் மருந்தின் பெயரும் இல்லை, பேட்ச் எண்ணும் இல்லை. இரண்டு பாக்கெட்டையும் கொண்டுபோய்க் காட்டியபோது, "நீங்க சரியா அடிச்சிருக்க மாட்டீங்க" என்றார். அவரிடம் வாங்கியதாக நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை.