வேலை போனபின் கைக்கு வரும் பணம்: தருமபுரி, கிருஷ்ணகிரியில் இரண்டு உதவித்தொகைகள், ஒரு மதிப்பீடு

வேலையில்லாதவருக்கு ரொக்கமாகக் கிடைக்கும் உதவி என்றால் இந்த இரு மாவட்டங்களிலும் முக்கியமாக இரண்டைச் சொல்லலாம். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் வழியாக வரும் தமிழக அரசின் உதவித்தொகை ஒன்று. ஈ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக்குச் சம்பளத்தில் பிடித்தம் இருந்த தொழிலாளிக்கு வேலை போனபின் தரப்படும் அடல் பீமித் வியக்தி கல்யாண் திட்டம் மற்றொன்று. முதலாவதை எல்லோருக்கும் தெரியும். இரண்டாவதை ஓசூர் சிப்காட்டில் வேலை பார்த்தவர்களிலேயே பலர் கேள்விப்பட்டதில்லை.

கணக்கைப் பாருங்கள். பட்டதாரிக்கு மாநில அரசு தருவது மாதம் 600 ரூபாய், மூன்று ஆண்டுக்கு. மொத்தம் 21,600. ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் சராசரி நாள் ஊதியத்தில் பாதி, அதிகபட்சம் 90 நாளுக்கு. நாள் ஊதியம் 500 என்றால் 250 வீதம் 22,500 ரூபாய். மூன்று ஆண்டு சொட்டுச் சொட்டாக வருவதைவிடக் கூடுதல் தொகை, அதுவும் வாடகைக்கும் மளிகைக்கும் திண்டாடும் அந்த முதல் மாதங்களுக்கு.

மாநில உதவித்தொகையை முதலில் பார்ப்போம். பத்தாம் வகுப்பு தவறியவருக்கு 200, தேறியவருக்கு 300, பிளஸ் டூவுக்கு 400, பட்டத்துக்கு 600. காலாண்டுக்கு ஒருமுறை வங்கிக் கணக்கில் ஏறும். அந்தக் கல்வித் தகுதியைப் பதிந்து ஐந்து ஆண்டு முடிந்திருக்க வேண்டும், பதிவும் விடாமல் புதுப்பிக்கப்பட்டிருக்க வேண்டும். பலருக்குக் கை நழுவுவது இங்கேதான். பள்ளியில் பத்தாம் வகுப்போடு பதிந்துவிட்டு, கல்லூரி முடித்தபின் பட்டத்தைச் சேர்க்காமல் விட்டவருக்கு 600 ரூபாய்க்கான ஐந்து ஆண்டு ஓடத் தொடங்கவே இல்லை. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை வரும் புதுப்பித்தலைத் தவறவிட்டால் பதிவு மூப்பே போய்விடும். வயது வரம்பு 40. ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 45. பொறியியல், மருத்துவம், வேளாண்மை, சட்டம் போன்ற தொழிற்படிப்பு முடித்தவர்களுக்கு இது கிடையாது. கல்லூரிக்கு நேரில் போய்ப் படிப்பவருக்கும் கிடையாது. அஞ்சல் வழியில் படிப்பவர் வாங்கலாம். பணம் வரத் தொடங்கியபின் ஆண்டுதோறும் சுய உறுதிமொழிப் படிவம் தர வேண்டும். அதை மறந்தால் பணம் நின்றுவிடும். உதவித்தொகை வாங்கினால் பதிவு ரத்தாகும் என்ற பயம் ஊரில் இருக்கிறது, அப்படி ஆகாது.

குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாயைத் தாண்டக் கூடாது என்ற விதிதான் இந்தத் திட்டத்தின் பெரிய குறை. மாதத்துக்கு 6,000. இன்றைய விலைவாசியில் ஒரே ஆள் கூலிக்குப் போகும் வீடும் இதைத் தாண்டிவிடும். இந்த வரம்பை உயர்த்தாமல் திட்டத்தைப் பாராட்ட மனம் வரவில்லை. மாற்றுத்திறனாளிகளுக்கான பிரிவு மட்டும் உருப்படியானது: பதிந்து ஓராண்டு போதும், வருமான வரம்பு இல்லை, வயது வரம்பும் இல்லை. பத்தாம் வகுப்பு வரை 600, பிளஸ் டூவுக்கு 750, பட்டத்துக்கு 1,000 என்று பத்து ஆண்டு வரை கிடைக்கும். வீட்டில் மாற்றுத்திறனாளி இருந்தால் இன்றே பதியுங்கள்.

இனி ஈ.எஸ்.ஐ. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருப்பவரிடம் 0.75 சதவீதம் பிடிப்பார்கள்; நிறுவனம் 3.25 சதவீதம் கட்டும். வேலை போவதற்கு முன் இரண்டு ஆண்டு காப்பீட்டில் இருந்திருக்க வேண்டும். ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச் என்று பிரித்த பங்களிப்புக் காலங்களில், வேலை போவதற்கு முந்தைய காலத்தில் 78 நாளும், அதற்கும் முந்தைய மூன்று காலங்களில் ஏதாவது ஒன்றில் 78 நாளும் பங்களிப்பு இருந்தாக வேண்டும். வேலை போய் 30 நாள் ஆனபின் ஈ.எஸ்.ஐ. இணையதளத்தில் காப்பீட்டு எண்ணை வைத்து நாமே விண்ணப்பிக்கலாம். ஆதாரும் வங்கிக் கணக்கும் அந்த எண்ணோடு சரியாக இணைந்திருக்க வேண்டும். ஆயுளில் மொத்தம் 90 நாள்தான். அவ்வப்போது காலநீட்டிப்பு பெற்று நடக்கும் திட்டம் என்பதால், விண்ணப்பிக்கும் முன் கிளை அலுவலகத்தில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். ஒழுங்கு நடவடிக்கையில் நீக்கப்பட்டவருக்கும், ஓய்வு பெற்றவருக்கும், விருப்ப ஓய்வில் போனவருக்கும் கிடையாது.

ஓசூர் பக்கம் இது சிக்குவது லேபர் காண்ட்ராக்டரிடம். அதே கம்பெனி, அதே மெஷின்; காண்ட்ராக்டர் மட்டும் மாறுவார், ஆளுக்குப் புதிய காப்பீட்டு எண் போடுவார். இரண்டு ஆண்டுப் பங்களிப்பு இரண்டு எண்களில் சிதறி, எதிலும் தகுதி நிறையாது. சேரும் அன்றே பழைய எண்ணைக் கொடுத்து அதிலேயே தொடரச் சொல்லுங்கள். 15,000 சம்பளத்தில் மாதம் 113 ரூபாய் பிடித்திருப்பார்கள். அது கட்டப்பட்டதா என்று இணையத்தில் மாதாமாதம் பாருங்கள். வேலையை விட்டு அனுப்பும்போது கடைசி வேலை நாளையும் காரணத்தையும் நிறுவனம் ஈ.எஸ்.ஐ.யில் பதிய வேண்டும். காரணம் தவறாக ஏறியிருந்தால் திருத்தச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பும் தருமபுரிக்காரர்களுக்கும் இது பொருந்தும், ஈ.எஸ்.ஐ. நாடு முழுக்க ஒன்றே, கர்நாடகத்தில் கட்டிய பங்களிப்பும் சேரும்.

ஆட்குறைப்பின்போது நீட்டப்படும் ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்துப் போடவே போடாதீர்கள். ஓராண்டுத் தொடர் பணி முடித்த தொழிலாளியை ஆட்குறைப்பு செய்தால் ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம், முடிந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம் இழப்பீடு. தானே விலகினேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டால் இரண்டையும் கேட்க முடியாது. தமிழகத்தின் 1981-ஆம் ஆண்டு நிரந்தரத் தகுதிச் சட்டப்படி 24 மாதத்தில் 480 நாள் வேலை பார்த்தவரை நிரந்தரமாக்க வேண்டும். அந்த நாள்களை நிரூபிக்கச் சம்பளச் சீட்டும் வருகைப் பதிவின் நகலும் வேண்டும். கேட் பாஸைத் திருப்பித் தருவதற்கு முன்பே இவற்றையெல்லாம் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.