மார்கழியில் ஏற்காட்டுப் பாதை: ஸ்போர்ட்ஸ் காரா, எஸ்யூவியா?

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு நாள்தோறும் சென்று திரும்புவோர், ஆசையாக வாங்கிய ஸ்போர்ட்ஸ் காரையே பனிக்காலத்திலும் ஓட்டுவதா, சிறிய எஸ்யூவிக்கு மாறுவதா என்று தயங்குவதுண்டு.

டயர்: ஸ்போர்ட்ஸ் காரின் கோடைக்கால டயர்களிலுள்ள ரப்பர், வெப்பநிலை ஏறத்தாழ 7 டிகிரிக்குக் கீழிறங்கும்போது விறைத்துப் பிடிமானத்தை இழக்கத் தொடங்கும். ஐரோப்பியர் குளிர்கால டயர்களுக்கு மாறுவது அதனால்தான். ஏற்காட்டின் குளிருக்கு அந்தச் செலவு வீண். இங்கே பகை உறைபனியன்று, ஈரம். அகன்ற டயர் தேய்ந்துவிட்டால் நீரை வெளியேற்ற இயலாமல் அதன்மேல் மிதந்து வழுக்கும். எஸ்யூவியின் குறுகலான டயருக்கு இந்தத் தொல்லை குறைவு.

வளைவுகள்: 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் உடல் சாயாமல் திரும்புவது ஸ்போர்ட்ஸ் கார்தான், உயரமான எஸ்யூவி சற்றே சாயும். ஆயினும் பின்சக்கர இயக்கமுள்ள காரில், ஈரமான வளைவில் ஆக்ஸிலரேட்டரைச் சட்டென மிதித்தால் பின்பகுதி விலகும்.

தரை இடைவெளி: ஸ்போர்ட்ஸ் காருக்குப் பெரும்பாலும் 130 மில்லிமீட்டருக்குள், எஸ்யூவிக்கு 200ஐ ஒட்டி. மண்சரிந்த இடத்தில் இந்த வேறுபாடு புரியும்.

மூடுபனி: இரண்டுக்கும் ஒன்றே, ஹை பீம் கண்ணைத்தான் கூசச் செய்யும்.

செலவு: டயர், பிரேக் பேடு இரண்டிலும் எஸ்யூவியே மலிவு.

விடியலில் புறப்பட்டு இருட்டியபின் இறங்குபவருக்கு எஸ்யூவியையே சொல்வேன். வெயிலேறியபின் கிளம்புபவர், நல்ல டயர் இருந்தால், ஸ்போர்ட்ஸ் காரை விற்க வேண்டியதில்லை.