மிதி மெஷினா, மோட்டார் மெஷினா? சுங்குடியையும் ரேயானையும் இரண்டிலும் ஓட்டிப் பார்த்தோம்

மாடி வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்திருக்கும் பெண் என்னை ‘மதினி’ என்றுதான் கூப்பிடுவாள். போன மாதம் படியிறங்கி வந்து, “மதினி, தையல் பழகலாம்னு இருக்கேன். உங்க வீட்ல இருக்கிற மாதிரி மிதிக்கிற மெஷின் வாங்கவா, இல்ல சின்னதா வெள்ளையா கரண்டுல ஓடுதே, அத வாங்கவா?” என்று கேட்டாள்.

என்னிடம் இரண்டும் இருக்கின்றன. அம்மா விட்டுப்போன கறுப்பு மெஷின் ஒன்று, இரும்பு ஸ்டாண்டும் தோல் பெல்ட்டுமாக. ஆறு வருடத்துக்கு முன் நான் வாங்கிய வெள்ளை மோட்டார் மெஷின் இன்னொன்று, நேர்த்தையலோடு ஜிக்ஜாக் என்கிற வளைந்து வளைந்து போகும் தையலும் போடும். வாயால் சொல்வதைவிட ஓட்டிக் காட்டுவது நல்லது என்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை நான்கு துணித் துண்டுகளை எடுத்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்தோம். கஞ்சி போக அலசிய சுங்குடி (புள்ளி போட்ட மெல்லிய மதுரைப் பருத்தி), ரேயான், பழைய ஜீன்ஸின் கால் மடிப்பு, பனியன் துணி.

உட்காரும் முன் நான் கேட்ட ஒரே கேள்வி, “என்ன தைக்கப் போறே?” என்பதுதான். நைட்டி, பாப்பாவுக்கு ஃபிராக், தலையணை உறை என்றாள். பலர் மெஷினை வாங்கி வைத்துவிட்டு அப்புறம்தான் துணியைப் பற்றி யோசிக்கிறார்கள். எனக்கு அது தலைகீழாகப் படுகிறது. எந்தத் துணியோடு அதிகம் புழங்கப் போகிறோமோ அதுதான் மெஷினை முடிவு செய்ய வேண்டும்.

முதலில் சுங்குடி. இரண்டு மெஷினிலும் 11-ஆம் நம்பர் ஊசி. கறுப்பு மெஷினில் துணியின் விளிம்பிலிருந்தே தையல் ஆரம்பித்தது, நூல் பிடித்தாற்போல நேராகப் போய் முடிந்தது. அதே துணியை வெள்ளை மெஷினில் வைத்ததும், இரண்டாவது குத்திலேயே துணியின் மூலை ஊசித் தகட்டின் ஓட்டைக்குள் போய்விட்டது. அடியில் நூல் சிக்கிக் குருவிக்கூடு மாதிரி கட்டிக்கொண்டது. அவள் பயந்து கையை எடுத்துவிட்டாள்.

மெஷின் கெட்டுப்போகவில்லை. தகட்டைக் கழற்றி அவளிடம் காட்டினேன். கறுப்பு மெஷினில் ஊசி மேலும் கீழும் மட்டுமே போகும், அதனால் தகட்டில் சின்ன வட்டத் துளை போதும். ஜிக்ஜாக் மெஷினில் ஊசி இடமும் வலமும் ஆடும், ஆகவே தகட்டில் பக்கவாட்டில் அகலமான ஓட்டை. மெல்லிய துணிக்கு அந்த இடத்தில் அடியில் பிடிமானம் கிடையாது, ஊசி துணியையும் சேர்த்து உள்ளே அழுத்திவிடுகிறது. வழி இருக்கிறது. இரண்டு நூல் முனைகளையும் பின்பக்கமாகப் பிடித்துக்கொண்டு, விளிம்பிலிருந்து அரை அங்குலம் உள்ளே தள்ளித் தொடங்க வேண்டும். அல்லது அடியில் ஒரு காகிதத் துண்டை வைத்துத் தைத்துவிட்டு, பிறகு கிழித்து எடுத்துவிடலாம். இரண்டாம் முறை அப்படித் தைத்தபோது நன்றாகவே வந்தது. ஆனாலும் தினமும் மெல்லிய பருத்தி தைக்கிற கைக்கு வட்டத் துளையின் நிம்மதி தனி.

பருத்தியில் இன்னொரு பிரச்சினை பிசிறு. நான்கு தடவை துவைத்தால் ஓரம் நூல் நூலாகப் பிரிந்து வரும். இங்கே வெள்ளை மெஷின் முந்திக்கொள்கிறது, ஓரத்தில் ஜிக்ஜாக் ஓட்டினால் பிசிறு அடங்கும். கறுப்பு மெஷினில் அது முடியாது. அதற்கு அம்மா செய்த வழிதான் இன்றைக்கும் என் வழி. துணியின் நல்ல பக்கம் வெளியே தெரியும்படி வைத்துக் கால் அங்குலத்தில் ஒரு தையல், ஓரத்தை ஒட்ட நறுக்கிவிட்டு உள்பக்கமாகத் திருப்பி இன்னொரு தையல். பிசிறு முழுவதும் மடிப்புக்குள் போய்விடும். நேரம் இரட்டிப்பு ஆகும். ஆனால் உள்ளே திருப்பிப் பார்த்தால் வெளிப்பக்கம் மாதிரியே இருக்கும், குழந்தை உடம்பிலும் உறுத்தாது. ஜிக்ஜாக் இருக்கிறதே, ஓவர்லாக் கடைக்குப் போகவே வேண்டாம் என்று நினைத்துவிடக் கூடாது. ஓவர்லாக் ஓரத்தை நறுக்கிக்கொண்டே பின்னுகிறது. சாதாரண ஜிக்ஜாக் மெல்லிய துணியின் ஓரத்தைக் கொஞ்சம் சுருட்டிவிடும்.

ரேயானில் இரண்டு மெஷினுமே திணறின. குற்றம் மெஷினில் இல்லை, ரேயான் மேஜையிலேயே நழுவுகிற துணி. வெட்டும்போதே கோணினால் எந்த மெஷினும் அதை நேராக்காது. ஒரே ஒரு வித்தியாசம் உண்டு. கறுப்பு மெஷினில் பிரஷர் ஃபுட், அதாவது துணியை அழுத்திப் பிடிக்கும் பாதம், அதன் கம்பிக்கு மேலே ஒரு திருகு இருக்கும், அதைக் கொஞ்சம் தளர்த்தினால் துணியை அழுத்துவது குறையும், மேல் துணி முன்னால் நகர்ந்து சுருங்குவதும் குறையும். என் வெள்ளை மெஷினில் அந்த வசதி இல்லை. ரேயான் நைட்டிக்குக் கீழ் ஓரம் மடிப்பதற்கு முன் ஒருநாள் முழுக்கத் தொங்கவிடுங்கள். கிராஸாக, அதாவது நூலுக்குச் சாய்வாக, வெட்டிய இடங்கள் இறங்கிவரும். அதற்கப்புறம் நீளத்தைச் சமன் செய்து மடித்தால்தான் ஓரம் ஒரே மட்டமாக நிற்கும்.

ஜீன்ஸ் மடிப்பில் கறுப்பு மெஷின், 16-ஆம் நம்பர் ஊசியோடு, மிதித்த வேகத்திலேயே ஏறி இறங்கியது. கீழே உள்ள பெரிய சக்கரம் சுழலும் வேகம்தான் அதன் பலம். வெள்ளை மெஷின் தடித்த மூட்டுக்கு வந்ததும் ‘ம்ம்ம்’ என்று முனகி நின்றது. அந்த இடத்தில் காலை எடுத்துவிட்டுக் கையால் சக்கரத்தைத் திருப்பி நாலு குத்து கடத்திவிட வேண்டும். நிற்கிற மோட்டாரை மேலும் அழுத்தினால் சூடாகும்.

பனியன் துணியில் கறுப்பு மெஷினுக்கு இடமே இல்லை. நேர்த்தையல் போட்ட கழுத்தைத் தலை வழியாக இழுத்தால் நூல் பட்டென்று அறுந்துவிடும், ஜிக்ஜாக் துணியோடு சேர்ந்து விரிந்து கொடுக்கும். டீ-ஷர்ட், குழந்தைகளின் நீட்சித் துணிதான் உங்கள் ஆசை என்றால் இதற்கு மேல் யோசிக்க வேண்டாம், ஜிக்ஜாக்கே வாங்குங்கள். காஜா, அதாவது பட்டன் துளை, எடுப்பதும் அதில்தான். கறுப்பு மெஷின்காரர்கள் கையால் எடுக்க வேண்டும், அல்லது காஜா கடையில் கொடுக்க வேண்டும்.

தைக்கிற கையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சின்ன வயதில் அம்மா என்னைப் புது மண்டபத்துக்குக் கூட்டிப்போவாள். மதுரை மீனாட்சி அம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே, திருமலை நாயக்கர் கட்டிய மண்டபம். சிலைத் தூண்களுக்கு நடுவே வரிசையாகத் தையல்காரர்கள், எல்லாம் மிதி மெஷின். சித்திரைத் திருவிழா நெருங்கினால் அழகருக்கு வேண்டிக்கொண்டு வேடம் கட்டுகிறவர்களுக்கான உடுப்புகள் அங்கே குவியும், சிவப்பும் மஞ்சளுமாக. இப்போது அந்தக் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன. அங்கே நான் மணிக்கணக்காகப் பார்த்தது அவர்கள் கைகளைத்தான். இடது உள்ளங்கை துணிமேல் தட்டையாகக் கிடக்கும், வலது கை முன்னால் மடிப்பைச் சரிசெய்துகொண்டே இருக்கும், எந்தக் கையும் துணியைப் பின்னாலிருந்து இழுக்காது. அடியிலுள்ள பல்தான் துணியை நகர்த்த வேண்டும். நாம் இழுத்தால் ஊசி வளைந்து தகட்டில் மோதி உடையும். மோட்டார் மெஷினில் புதிதாகப் பழகுகிறவர்கள் அதிகம் ஊசி உடைப்பதற்கு இதுவே காரணம். வேகம் கையை மீறிப் போகிறது, பயத்தில் கை இழுக்கிறது. மிதி மெஷினில் கால் நின்றால் ஊசியும் நிற்கும், ஒரு குத்து வேண்டுமானால் ஒரே ஒரு குத்துதான். பழகுவதற்கு மிதி மெஷின் நல்லது என்று நான் சொல்வது இதனால்தான்.

முதல் வாரம் கஷ்டம் என்பதையும் மறைக்கக் கூடாது. சக்கரம் பின்பக்கமாகச் சுற்றிவிடும், நூல் அறும். நூலே கோக்காமல் கோடு போட்ட நோட்டுத் தாளில் கோட்டின் மேலேயே ஓட்டிப் பழகுங்கள். கால் பழகினால் பிறகு மறக்காது. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு மட்டும் நான் மிதி மெஷினைச் சொல்லவே மாட்டேன். மிதிக்கிற மெஷினிலேயே தனி மோட்டார் மாட்டிக்கொள்ளலாம், அது ஒரு நல்ல நடுவழி.

புது மெஷினின் விலையில் பெரிய வித்தியாசம் இல்லை, இரண்டும் கிட்டத்தட்டப் பத்தாயிரத்தைச் சுற்றித்தான் தொடங்குகின்றன. வித்தியாசம் பழுதில் வரும். கறுப்பு மெஷினுக்கு பெல்ட், பாபின் கேஸ் (அடி நூல் சுற்றிய பாபினை வைக்கும் கூடு), ஷட்டில் எல்லாம் பக்கத்துத் தெருவிலேயே கிடைக்கும், எண்ணெய் போட்டால் பேத்தி காலம் வரை ஓடும். வெள்ளை மெஷினுக்குக் கம்பெனி ஆள் வர வேண்டும். இடமும் பார்க்க வேண்டும். வாடகை மாடியில், அலமாரிக்குள் எடுத்து வைக்க வேண்டியவர்களுக்கு இரும்பு ஸ்டாண்டு சுமைதான்.

துணிக்கு வருவோம். பழகுகிறவர்கள் முதல் இரண்டு மூன்று மாதம் பாப்ளின் என்கிற நெருக்கமாக நெய்த பருத்தியை விட்டு நகர வேண்டாம் என்பேன். மடித்தால் மடிப்பு நிற்கும், சாக்பீஸ் கோடு தெரியும், தையலைப் பிரித்தாலும் ஓட்டை தெரியாது. விளக்குத்தூண், பத்துத்தூண் பக்கத்துச் சந்துகளில் மீட்டராக வாங்கிக்கொள்ளலாம். ரேயான் பார்க்க அழகாகத் தொங்கும், அதனாலேயே எல்லாரும் முதலில் அதைத்தான் வாங்குகிறார்கள், முதல் நைட்டியிலேயே மனம் உடைந்துவிடுகிறது. பாப்ளின் கைவந்த பிறகு சுங்குடி, அதற்கப்புறம் ரேயான். இந்த வரிசை மாறக் கூடாது.

சுங்குடியில் எனக்கு ஒரு கண்டிப்பு உண்டு. துணியை நகத்தால் கிள்ளி, நூலால் ஒவ்வொரு புள்ளியாகக் கட்டிச் சாயத்தில் தோய்த்த அசல் சுங்குடிச் சேலை கையில் கிடைத்தால், கத்திரிக்கோலைத் தூரமாக வைத்துவிடுங்கள். புள்ளிகள் ஒன்றுபோல ஒன்று இருக்காது, கட்டிய இடத்தில் துணி லேசாகப் புடைத்திருக்கும், அதில்தான் தெரியும். அது உடுத்துவதற்கு. வெட்டித் தைக்க, அச்சில் போட்ட சுங்குடி போதும். அதிலும் அந்தக் கரை அழகுதான், ஃபிராக்கின் கீழ் ஓரத்தில் கரை வரவேண்டும் என்றால் துணியைக் குறுக்காக வைத்து வெட்ட வேண்டும். பருத்தியில் அது தாங்கும். ஐந்தரை மீட்டர் சேலையில் ஒரு நைட்டிக்கு மூன்று மீட்டர் போனாலும் பாப்பாவுக்கு ஃபிராக்குக்கு மிஞ்சும்.

ஆனால் வெட்டுவதற்கு முன் நனையுங்கள். என் மகளுக்கு முதல் பிறந்தநாளுக்குச் சிவப்புச் சுங்குடியில், கழுத்திலும் கையிலும் ஓரத்துக்கு வெள்ளைப் பைப்பிங் பட்டி வைத்து ஒரு ஃபிராக் தைத்தேன். சாயம் போகாது என்று கடையில் சொன்ன வார்த்தையை நம்பி அப்படியே வெட்டிவிட்டேன். முதல் துவைப்பில் வெள்ளைப் பைப்பிங் ரோஸ் நிறமானது, உடுப்பு மார்பில் ஒரு அங்குலம் குறைந்தது. மறுபடி போடவே முடியவில்லை. அதை நினைத்தால் இப்போதும் மனசு கனக்கிறது. அன்றிலிருந்து எந்தப் பருத்தித் துணி வந்தாலும் இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைக்கிறேன், ஈரத்தோடு ஒரு மூலையை வெள்ளைத் துணிமேல் அழுத்திப் பார்க்கிறேன். நிறம் ஒட்டினால் ஒட்டாத வரை அலசல்தான். காய்ந்தபின் நேர் நூல் பார்த்து இஸ்திரி போட்ட பிறகே சாக்பீஸை எடுப்பேன்.

மாடி வீட்டுப் பெண்ணிடம் நான் சொன்னது இது. உன் பட்டியலில் பனியன் துணி இல்லை, காலில் வலி இல்லை. வீடு மட்டும்தான் மாடியில் இருக்கிறது. கீழே என் வராந்தாவில் இடம் இருக்கிறது, ஸ்டாண்டை இங்கேயே போட்டுக்கொள். கறுப்பு மெஷினே வாங்கு.

கடைக்குப் போகும்போது கையை வீசிக்கொண்டு போக வேண்டாம், அலசிய சுங்குடியில் ஒரு சாண் துண்டும் ஜீன்ஸ் மடிப்பும் எடுத்துப் போ என்றேன். கடைக்காரர் தருகிற தடித்த காடாத் துணியில் எல்லா மெஷினும் நன்றாகத்தான் தைக்கும். உன் துண்டை வை, மேலே ஒரு நிற நூல், பாபினில் வேறு நிறம் போடச் சொல். தைத்ததும் துணியைத் திருப்பு. அடியில் மேல் நூலின் நிறம் புள்ளி புள்ளியாகத் தலைகாட்டினால் மேல் டென்ஷனை, அதாவது மேல் நூலின் இறுக்கத்தைத் திருகால் கொஞ்சம் கூட்டித் திரும்பவும் தைக்கச் சொல். திருகைத் திருப்பியும் சரியாக வராத மெஷினை அங்கேயே விட்டுவிட்டு வா.