கிப்ஸன் ஈஎஸ்-175, எல்-7சி: ஏழு ஆண்டுகள் இரண்டையும் மாற்றி மாற்றி வாசித்த பிறகு

என்னிடம் இரண்டு ஆர்ச்டாப் கிட்டார்கள் இருக்கின்றன. ஒன்று 1990களில் செய்த கிப்ஸன் ஈஎஸ்-175. மற்றது 1950களின் தொடக்கத்தைச் சேர்ந்த எல்-7சி. முதலாவது வந்து ஒன்பது ஆண்டுகள், இரண்டாவது வந்து ஏழு. எல்-7சி வீட்டுக்குள் வந்த அன்று, இனி 175ஐ விற்றுவிடலாம் என்றே முடிவு செய்திருந்தேன். செதுக்கிய மரப்பலகை உசத்தி, ஒட்டுப்பலகை மட்டம் என்பது அன்றைக்கு என் உறுதியான நம்பிக்கை. நல்லவேளை, விற்கவில்லை.

பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆர்ச்டாப்பின் முகப்பலகை வயலினைப் போல மேலே வளைந்திருக்கும், வட்டத் துளைக்குப் பதில் இரண்டு பக்கமும் எஃப் வடிவத் துளைகள். எல்-7சி-யில் அந்தப் பலகை தடித்த ஸ்ப்ரூஸ் மரத்தைச் செதுக்கிச் செதுக்கி எடுத்தது. 1949இல் வந்த 175இன் பலகையோ மேப்பிள் ஒட்டுப்பலகை, அச்சில் அழுத்தி வளைத்தது. செலவு குறைவு. அன்றைக்கு விலை 175 டாலர், பெயரும் அதுவே. எல்-7சி 17 அங்குல உடல், கம்பி நீளம் 25½ அங்குலம். 175 ஏறத்தாழ ஓர் அங்குலம் ஒடுக்கம், கம்பி நீளம் 24¾. இந்த முக்கால் அங்குல வித்தியாசம் இடது கைக்கு நன்றாகவே தெரியும். 175இல் விரல்கள் அகலமான கார்டுகளையும் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக்கூட்டங்களை) சிரமமில்லாமல் எட்டும், கம்பியும் சற்றுத் தளர்வாக இருக்கும்.

ஆம்ப் (ஒலிபெருக்கி) இல்லாமல் மடியில் வைத்து வாசித்தால் போட்டியே இல்லை. எல்-7சி-யில் பிக் (மீட்டும் சில்லு) பட்ட மறுகணம் ஓசை முன்னால் பாய்கிறது. கனத்த பேஸ் கிடையாது, நடு ஸ்தாயி அவ்வளவு திடம். ஆம்ப் இல்லாத காலத்தில் ட்ரம்பெட், சாக்ஸபோன் கூட்டத்துக்கு நடுவே கேட்கவேண்டும் என்பதற்காகவே பிறந்த வகை இது. கவுன்ட் பேஸியின் ஜாஸ் குழுவில் 1937 முதல் 1987இல் இறக்கும்வரை கிட்டார் கலைஞர் ஃப்ரெடி க்ரீன் வாசித்தது இந்த மாதிரி ஆம்ப் இல்லாத ஆர்ச்டாப்தான். ஒரு தாளச் சுற்றுக்கு நாலு தட்டு, சின்னச் சின்னக் கார்டுகள், அவ்வளவே. அந்தத் தட்டு ஏன் அப்படி வேலை செய்தது என்பது எனக்கு எல்-7சி-யை மடியில் வைத்த பிறகே விளங்கியது. 175ஐ ஆம்ப் இல்லாமல் வாசித்தால் வாசிப்பவருக்குக் கேட்கும். அடுத்த அறைக்குப் போகாது.

ஆம்ப்பில் செருகினால் கதை மாறுகிறது. நான் சொல்லவந்ததும் இதைத்தான்.

கம்பியை மீட்டும்போது அதற்குக் கிடைப்பது ஒரு குறிப்பிட்ட அளவு சக்தி. எல்-7சி-யின் இலேசான பலகை அதை முதல் கணத்திலேயே ஓசையாகச் செலவழித்துவிடுகிறது. எடுப்பு பிரமாதம், கார்வை (ஸ்வரம் நீடிப்பது) குறைவு. 175இன் ஒட்டுப்பலகை கனமானது, இறுக்கமானது, கம்பியிடமிருந்து கொஞ்சம் கொஞ்சமாகவே வாங்கிக்கொள்கிறது. அதனால் ஸ்வரம் நிற்கிறது. திட உடல் கிட்டாரைப் போல நீண்டுகொண்டே போகாது. மெதுவான பாலட் ஒன்றில் ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்த ஸ்வரத்துக்கு நடந்துபோகப் போதுமான அளவு நிற்கும். முதலில் ஒரு மெல்லிய ‘தொம்’, பின்பு உருண்டையான ஓசை, பின்பு சட்டென்று அமைதி. ஜாஸ் கிட்டார் என்றதும் நம் காதில் ஒலிக்கும் நாதம் பெரும்பாலும் இதுதான். ஜிம் ஹால், ஜோ பாஸ், இளவயது பேட் மெத்தினி என்று எத்தனை பேர் கையில் இருந்தது இந்த 175! மலிவுக்காகச் செய்த பலகை ஒரு தனி நாதத்தைக் கண்டுபிடித்துவிட்டது என்பது என் துணிபு.

ஆனால் இன்னொருவர் பாட, நான் பக்கத்தில் கார்டு போடும்போது எல்-7சி-யையே எடுப்பேன். கார்டு விழுந்ததும் விலகி, பாடுபவருக்கும் பேஸ் வாசிப்பவருக்கும் இடம் விட்டுவிடுகிறது. 175இல் அதே கார்டைப் போட்டால் ஸ்வரங்கள் ஒன்றன்மேல் ஒன்று தங்கிக் கூழாகிவிடும். இடது கையால் அடிக்கடி அழுத்தி நிறுத்தவேண்டியிருக்கிறது.

இந்த வித்தியாசம் முழுவதும் மரத்தால்தானா என்ற சந்தேகம் எனக்கு நெடுநாளாக இருந்தது. எல்-7சி-யில் கழுத்து முனையில் தொங்கும் மெல்லிய பிக்கப் (கம்பியின் அதிர்வை ஆம்ப்புக்கு அனுப்பும் காந்தக் கருவி), அதற்காகப் பலகையை வெட்டவில்லை. 175இல் பலகையை வெட்டிப் பதித்த இரண்டு ஹம்பக்கர்கள், அதாவது இரட்டைச் சுருள் பிக்கப்கள். கம்பிகளும் வேறு வேறு. ஆகவே ஒரு கோடைகாலம் முழுக்க இரண்டிலும் ஒரே ஃப்ளாட்வவுண்ட் (தட்டையான சுற்றுக்கம்பி) செட், மிக மெல்லிய கம்பி 0.012 அங்குலம், போட்டு, ஒரே ஆம்ப்பில், பி ஃப்ளாட் ப்ளூஸை ஒரே வேகத்தில் வாசித்துப் பதிவு செய்தேன். வித்தியாசம் பாதியாகச் சுருங்கிவிட்டது. மீதிப் பாதி எடுப்பிலும் கார்வையிலும் அப்படியே இருந்தது. பிக்கை வைத்துவிட்டுக் கட்டைவிரலால் வாசித்தபோது இன்னும் சுருங்கியது. நான் வசிக்கும் டொராண்டோவின் மாபெரும் ஜாஸ் கிட்டார் கலைஞர் எட் பிக்கர்ட், டெலிகாஸ்டர் என்ற திட உடல் கிட்டாரில் அவ்வளவு கதகதப்பான நாதத்தை எடுத்தவர். அவர் பதிவுகளைக் கேட்டுக்கொண்டே இந்தச் சோதனையைச் செய்தது எனக்குப் பெரிய பாடமாக இருந்தது.

எல்-7சி-க்குப் பழையபடி நிக்கல் ரவுண்ட்வவுண்ட் (உருண்டையான சுற்றுக்கம்பி) போட்டுவிட்டேன். வெண்கலக் கம்பி மடியில் அருமையாக ஒலிக்கும், ஆனால் காந்தப் பிக்கப் அதைச் சரியாகப் பிடிக்காது. வெறும் எஃகான மேல் ஸ்தாயிக் கம்பிகள் இரண்டு மட்டும் கத்தும்.

ட்ரம்ஸ் உள்ள குழுவோடு எல்-7சி-யை ஒரே ஒருமுறை கொண்டுபோனேன். ஒலியளவை ஏற்றியதும், ஆம்ப்பின் ஓசையே பலகையை மறுபடி அதிரவைத்து, கீழ் ஜி ஸ்வரத்தை ஒட்டி ஊளையிடத் தொடங்கிவிட்டது. பேஸைக் குறைத்தேன், ஆம்ப்புக்குப் பக்கவாட்டில் நின்றேன், எஃப் துளைகளில் ஸ்பஞ்சு வைத்தேன். ஊளை நின்றது, கூடவே அந்த கிட்டாரை எதற்காகக் கொண்டுபோனேனோ அந்த நாதமும் நின்றுபோனது. அதன்பின் மேடைக்கு 175 மட்டுமே. அதுவும் ஊளையிடும், ஆனால் அந்த எல்லை வரும்போது காதே வலிக்கும்.

குளிர்காலம் பற்றியும் சொல்லவேண்டும். ஹீட்டர் ஓடும் மாதங்களில் வீட்டுக்குள் ஈரப்பதம் 25 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். செதுக்கிய பலகை வற்றித் தாழும், கம்பி ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கு உலோகக் கட்டையில்) உரசும். கோடையில் திரும்ப எழும். ஆண்டுக்கு இருமுறை, கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜின் திருகுகளைத் திருப்புகிறேன், பெட்டிக்குள் ஈரப்பதப் பை வைத்து 45 முதல் 50 சதவீதத்தில் காக்கிறேன். ஒட்டுப்பலகைக்கு இந்தக் கவலை மிகவும் குறைவு. இன்னொன்று: ஆர்ச்டாப்பின் பிரிட்ஜ் ஒட்டியிருப்பதில்லை, கம்பிகளின் அழுத்தத்தில்தான் நிற்கிறது. முதல் ஆண்டில் ஆறு கம்பிகளையும் ஒன்றாகக் கழற்றிவிட்டு, அது நகர்ந்துபோய், ஸ்ருதி சேராமல் இரண்டு நாள் திண்டாடினேன். ஒவ்வொன்றாக மாற்றுங்கள்.

ஒன்றுதான் வாங்கமுடியும் என்பவர், ட்ரம்ஸோடு வாசிப்பவராக இருந்தால் 175 வகையை வாங்கலாம். வேறு நிறுவனங்களும் ஒட்டுப்பலகையில் நல்லவை செய்கின்றன. வீட்டிலும் சிறு அறைகளிலும் இருவர் மூவராக வாசிப்பவர் செதுக்கியதைத் தேடலாம். கடையில் முதல் பத்து நிமிடம் ஆம்ப்பைத் தொடாதீர்கள். ஒற்றை ஸ்வரம் ஒன்றை மீட்டி, அது எப்போது அடங்குகிறது என்று மட்டும் கேளுங்கள். அதன்பிறகு ஆம்ப்பில் செருகி அதே ஸ்வரத்தை மீட்டுங்கள்.