வெஜ் டான் என்று சொல்லி க்ரோம் தோலைத் தலையில் கட்டுகிறார்கள்

தோலில் கையால் பூவேலையும் பெயர் பொறிப்பும் செய்பவர்கள், ஆன்லைனில் தோல் வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

பெயர் பொறித்த பெல்ட், பர்ஸ் ஆர்டர் ஒன்றுக்காக ஒரு ஆன்லைன் கடையில் 2 மி.மீ. வெஜ் டான் (தாவரத் துவர்ப்பில் பதப்படுத்திய) மாட்டுத்தோல் கேட்டிருந்தேன். முதலில் உள்ளங்கை அளவு மாதிரித் துண்டு அனுப்பினார்கள். நனைத்து ஸ்டாம்ப் அடித்தேன், அருமையாகப் பதிந்தது. முழுப் பணமும் கட்டியபின் வந்து சேர்ந்த தோல் வேறு. அதே பழுப்பு நிறம்தான். ஆனால் தண்ணீர் தெளித்தால் உள்ளே இறங்காமல் முத்து முத்தாக உருண்டது. தோலில் கோடு கீறும் ஸ்வைவல் கத்தியால் கீறிய கோடு உடனே மூடிக்கொண்டது. கோட்டின் ஓரத்தை அமுக்கும் பெவலர் அச்சை வைத்துத் தட்டிய பள்ளம், மெத்தையில் கை வைத்து எடுத்த மாதிரி கண்முன்னே மேலெழும்பியது. ஓரத்தை நறுக்கிப் பார்த்தால் நடுவில் நீலச் சாம்பல் கோடு! க்ரோம் தோலுக்கு மேலே பழுப்புப் பூச்சு பூசியிருக்கிறார்கள்.

ஆவாரம்பட்டை, கடுக்காய் போன்றவற்றின் துவர்ப்பு ஏறிய வெஜ் டான் தோல் ஈரத்தில் இளகும். காய்ந்ததும் நாம் அமுக்கிய வடிவத்திலேயே நிற்கும். குரோமிய உப்பில் பதப்படுத்திய க்ரோம் தோல் ஷூவுக்கும் ஜாக்கெட்டுக்கும் நல்ல தோல்தான், கையால் பொறிக்கும் வேலைக்கு ஆகாது.

போன் செய்தால், "தண்ணி பத்தலை" என்றார்கள். அப்புறம், "சூடு வச்சு அழுத்துங்க." சூடான பித்தளை அச்சை வைத்ததும் மேல்பூச்சு அதோடு ஒட்டிக்கொண்டு வந்தது. கடைசியாகச் சொன்னதுதான் உச்சம்: "எம்பாஸ் ஆகும்னுதானே போட்டிருக்கோம்!" உருவம் பதியும்தான், ஃபேக்டரியில். முதலைத்தோல் வரி பதிக்கும் இடங்களில் சூடான தகடும் ஹைட்ராலிக் பிரஸ்ஸும் இருக்கின்றன. என் மேசையில் இருப்பது ஒரு மேலட் சுத்தியலும் கிரானைட் பலகையும். சாட்டில் வெஜ் டான் என்று உறுதி சொன்னவர்கள், பில்லில் வெறும் "ஃபினிஷ்டு லெதர்" என்று போட்டு முடித்திருக்கிறார்கள். வெட்டிய தோலைத் திரும்ப எடுக்க மாட்டார்களாம். வெட்டாமல் உள்ளே இருப்பது எப்படித் தெரியும்?

மாதிரித் துண்டு நன்றாக இருந்தால் போதாது, வரும் ஒவ்வொரு தோலையும் சோதியுங்கள். பார்சலைப் பிரிக்கும்போதே வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். மூலையில் ஒரு கீற்று நறுக்கிக் கொதிக்கும் தண்ணீரில் போட்டால், வெஜ் டான் சுருண்டு விறைத்துவிடும். முறையாகப் பதப்படுத்திய க்ரோம் தோல் ஏறக்குறைய அப்படியே கிடக்கும். பில்லில் "வெஜிடபிள் டான்டு" என்று எழுதச் சொல்லுங்கள், தயங்கினால் அந்தக் கடையே வேண்டாம். சென்னைக்காரர்கள் தோல் கடைகள் இருக்கும் பெரியமேட்டுக்கு நேரில் போய், ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு நகத்தால் அழுத்திப் பார்த்தே வாங்கலாம்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். மாதிரித் துண்டும் சாட் ஸ்க்ரீன்ஷாட்டும் பத்திரமாக இருக்கின்றன. விற்றவர்கள் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்கள்.